சிட்டுக்குருவியை விட்டுவிட்டு டைனோசரை வரையறுக்க இயலாது

டைனோசர் என்றால் என்ன என்று கேட்டால், மிகப் பெரிய, அழிந்துபோன பல்லி என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துக் கடைகளில் விற்கும் சுவர்ப்படங்களும், தெலுங்கில் அச்சானாலும் தமிழில் அச்சானாலும், டைனோசர்களே அல்லாத, வானில் பறந்த டெரோசரையும் கடலில் நீந்திய பிளீசியோசரையும் டைனோசர்களோடு சேர்த்தே காட்டுகின்றன. பெரியது என்பதும், அழிந்தது என்பதும், பல்லி என்பதும் மூன்றுமே பிழை. கோழி அளவே இருந்த டைனோசர்கள் உண்டு. பல்லியைவிட முதலையே அவற்றுக்கு நெருங்கிய உறவு. அழிவைப் பொறுத்தவரை, 2017இல் முன்வைக்கப்பட்ட ஒரு வரையறையே போதிய விடை தருகிறது: சிட்டுக்குருவி, கொம்புள்ள டிரைசெராடாப்ஸ், நெடுங்கழுத்துச் சாரோபோடான டிப்ளோடோகஸ் ஆகிய மூன்றுக்கும் பொதுவான மிக அண்மைய மூதாதையும், அந்த மூதாதையின் வழிவந்த அனைத்தும் டைனோசர்கள். நம் வீட்டு முற்றத்துக் குருவி இந்த வரையறைக்குள் அலங்காரத்துக்காக வைக்கப்படவில்லை. அதை எடுத்துவிட்டால் வரையறையே நிற்காது.

வகைப்படுத்துதல் என்பது மனப்பாடம் செய்யும் பெயர்ப்பட்டியல் அன்று, யார் யாருக்கு உறவு என்பதைப் பற்றிய, சான்றுகளால் சோதிக்கத்தக்க ஒரு கூற்று என்பதைப் பள்ளியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1842இல் ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்டு ஓவன் டைனோசர் என்ற தொகுதியை அமைத்தபோது அவர் கையில் இருந்தவை மெகலோசாரஸ், இகுவானடான், ஹைலியோசாரஸ் என்னும் மூன்று விலங்குகளின் எலும்புகள்தாம். இடுப்போடு சேரும் முதுகெலும்புத் துண்டுகள் ஒன்றாக இணைந்திருந்ததை அவர் முக்கியமான பொதுக்கூறாகக் கண்டார். 1887இல் ஹாரி சீலி இடுப்பெலும்பின் அமைப்பைக் கொண்டு அத்தொகுதியை இரண்டாகப் பிரித்தார். இடுப்பின் ஒரு பகுதியான பூப்பெலும்பு முன்னோக்கி நீண்டவை ஒரு பிரிவு. டைரனோசாரஸும் நெடுங்கழுத்துச் சாரோபோடுகளும் அதில் அடங்கும். அந்த எலும்பு பின்னோக்கித் திரும்பியவை மற்றொரு பிரிவு. டிரைசெராடாப்ஸும் ஸ்டெகோசாரஸும் அதில் சேரும். பறவைகளிலும் அந்த எலும்பு பின்னோக்கியே இருக்கிறது. ஆயினும் பறவைகள் தோன்றியது முதல் பிரிவிலிருந்துதான். ஒரே திருப்பம் இரண்டு கிளைகளில் தனித்தனியாக நிகழ்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமை எல்லாம் உறவுக்குச் சான்றாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

எந்த ஒற்றுமை சான்று, எது சான்றன்று என்பதற்கு ஒழுங்கான முறையை வகுத்தவர் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக். 1950இல் அவர் விளக்கிய முறைப்படி, ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி அதன் வழியினரிடம் மட்டும் காணப்படும் கூறுகளே உறவைக் காட்டும்; மிகப் பழங்காலத்திலிருந்து எல்லாருக்கும் பொதுவாக வரும் கூறுகள் காட்டா. ஆந்திர, தமிழ்நாட்டு எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு இது எளிதில் விளங்கும். நகரியில் தெலுங்கு பேசும் குடும்பத்துக்குத் திருத்தணியில் தமிழ் பேசும் பங்காளிகள் இருப்பார்கள். வீட்டு மொழியை வைத்து யாரும் பங்காளிகளைக் கண்டறிவதில்லை, ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வருகிறார்களா என்பதை வைத்தே அறிகிறோம். டைனோசர்களுக்குள் அந்தக் குலதெய்வ அடையாளம் எது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் அறிஞர்களின் உழைப்பு முழுவதும் செல்கிறது.

காறை எலும்பின் வரலாறு இங்கே விரிவாகச் சொல்லத்தக்கது. டென்மார்க்கைச் சேர்ந்த கெர்ஹார்டு ஹைல்மன் 1926இல் பறவைகளையும் சிறிய ஊனுண்ணி டைனோசர்களையும் எலும்புக்கு எலும்பு ஒப்பிட்டு, இரண்டும் வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதைக் காட்டினார். ஆனால் பறவைகளின் மார்பில் கவைபோல் இணைந்திருக்கும் காறை எலும்பு டைனோசர்களிடம் இல்லை என்று அன்று நம்பப்பட்டது. ஒருமுறை இழந்த உறுப்பு மீண்டும் அதே உருவில் தோன்றாது என்ற கொள்கையை ஏற்றிருந்த அவர், பறவைகள் டைனோசர்களுக்கும் முந்தைய ஊர்வனவற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். பல பத்தாண்டுகள் அந்த முடிவே நிலைத்தது. உண்மையில் 1924இல் பெயரிடப்பட்ட ஓவிராப்டரின் எலும்புக்கூட்டிலேயே அந்தக் கவை எலும்பு இருந்தது. அதை வேறொரு எலும்பாகக் கருதிவிட்டார்கள். பிற்காலத்தில் டைரனோசாரஸ் உட்படப் பல ஊனுண்ணி டைனோசர்களிடம் அது கிடைத்தது. 1969இல் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிகஸ் என்னும் ஊனுண்ணி டைனோசரை விவரித்த பின் பறவை உறவு மீண்டும் பேசப்பட்டது. 1996இல் சீனாவின் சைனோசாராப்டெரிக்ஸ் என்னும் டைனோசரின் உடலில் இறகின் தொடக்க நிலை போன்ற இழைகள் காணப்பட்டன. ஹைல்மனின் தர்க்கம் பழுதற்றது. இல்லை என்று அவர் எடுத்துக்கொண்ட எலும்புதான் உண்மையில் இருந்தது. எலும்பு ஒன்றைச் சரியாக அடையாளம் காணாவிட்டால் குடிவழி முழுவதும் இடம் மாறிவிடும்.

இன்று இந்த வேலையைக் கணினி செய்கிறது என்றாலும் அதற்குத் தீனி கொடுப்பவர் மனிதரே. ஒவ்வொரு விலங்கிலும் இந்தக் கூறு உண்டா, இல்லையா என்று எலும்பைப் பார்த்துப் பட்டியல் தயாரிக்க வேண்டும். மிகக் குறைந்த மாற்றங்களோடு அந்தப் பட்டியலை விளக்கும் கிளைப்படத்தைக் கணினி தேடித் தரும். மேத்யூ பேரனும் இரு கூட்டாளிகளும் 2017இல் 74 விலங்குகளில் 457 கூறுகளை ஆராய்ந்து, ஊனுண்ணிகளும் டிரைசெராடாப்ஸின் பிரிவும்தான் நெருங்கிய உறவு, சாரோபோடுகள் சற்று விலகியவை என்றார்கள். சீலியின் நூற்றாண்டு கடந்த பிரிவினையே அதனால் ஆட்டம் கண்டது. முன்பு வழங்கிய வரையறைகள் குருவியையும் டிரைசெராடாப்ஸையுமே எல்லைக்கற்களாக வைத்திருந்தமையால், இந்தப் புதிய படத்தில் சாரோபோடுகள் டைனோசர்களே ஆகாமல் போகும். அதனால்தான் டிப்ளோடோகஸின் பெயரும் வரையறையில் சேர்ந்தது. அதே ஆண்டில் மேக்ஸ் லேங்கர் தலைமையிலான குழு அதே பட்டியலின் பல பதிவுகளைத் திருத்தி மீண்டும் இயக்கியபோது பழைய படமே வந்தது. ஆனால் இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாடு உறுதியாகத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். அறிஞர்களே முடிவு செய்யவில்லையே என்று இதைப் பார்த்துச் சிலர் அலட்சியமாகப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. எந்தப் பதிவை எதனால் திருத்தினோம் என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுதிவைத்து வாதிடுவது அறிவியலின் பலமே அன்றிக் குறை அன்று.

இந்த வாதங்களில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. எங்களுக்கு அருகில் உள்ள சத்தியவேடு, ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைப் படிவங்கள் டைனோசர் காலத்தவைதாம் என்றாலும் தாவரப் புதைபடிவங்களுக்கே பெயர்பெற்றவை. எலும்புக்கு அரியலூருக்கோ கோதாவரிப் படுகைக்கோ போக வேண்டும். அரியலூர் வட்டாரத்திலிருந்து 1979இல் பெயரிடப்பட்ட திராவிடோசாரஸை முதலில் ஸ்டெகோசாரஸ் இனம் என்றார்கள். 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் டி.கே. ருத்ராவும் அது கடல்வாழ் பிளீசியோசராக இருக்கலாம் என்றார்கள். சர்ச்சை இன்னும் ஓயவில்லை. கல்லமேட்டில் கிடைத்து 1987இல் யாதகிரி, அய்யாசாமி ஆகியோரால் பெயரிடப்பட்ட பிருகத்காயோசாரஸ் முதலில் ஊனுண்ணியாக வைக்கப்பட்டது, பிறகு சாரோபோடு ஆயிற்று. அதன் கீழ்க்கால் எலும்பு ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய அதன் எலும்புகள் சிதைந்து இல்லாமல் போய்விட்டன என்று 2017இல் தெரியவந்தது. எஞ்சிய பழைய நிழற்படங்கள் 2022இல் வெளியானது ஓர் ஆறுதல். ஆனால் நிழற்படத்தைத் திருப்பிப் பார்த்து மறுபக்கத்தை ஆராய முடியாது.

கோதாவரிப் படுகையின் கதை வேறு. பழைய ஆந்திரத்தில் இருந்து இன்று தெலங்கானாவில் சேர்ந்திருக்கும் மலேரி படிவத்தில் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தார் எலும்புகளைத் திரட்டிப் பாதுகாத்தார்கள். அங்கிருந்து வந்த ஆல்வாக்கேரியா என்னும் டைனோசர் பல விலங்குகளின் எலும்புகள் கலந்தது என்பதைப் பின்வந்தோர் கண்டறிய முடிந்ததற்கு, மூல எலும்புகள் கையில் இருந்ததே காரணம். அதே படிவத்தின் இன்னொரு எலும்புத் தொகுதி நெடுங்காலம் பெயரின்றிப் பெட்டியில் இருந்து, 2025இல் மலேரிராப்டர் குட்டியி (Maleriraptor kuttyi) என்ற பெயர் பெற்றது. தென் அமெரிக்காவில் நன்கறியப்பட்ட ஹெரெராசாரஸ் என்னும் தொடக்ககால ஊனுண்ணி டைனோசர்க் கூட்டம் இந்தியாவிலும் சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்பதை அது காட்டியது.

ஆகவே அரியலூரில் இனி எடுக்கப்படும் ஒவ்வொரு எலும்பும் எடுத்த நாளிலேயே கெட்டிப்படுத்தப்பட்டு, முப்பரிமாண முறையில் பதிவு செய்யப்பட்டு, எண்ணிட்டுப் பொதுச் சேமிப்பில் வைக்கப்பட வேண்டும். அந்தப் பதிவுகளின் நகல்கள் நகரிப் பள்ளிக்கும் திருத்தணிப் பள்ளிக்கும் எட்ட வேண்டும். ஆசிரிய நண்பர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கோழியின் மார்பிலுள்ள கவை எலும்பையும் டைரனோசாரஸின் காறை எலும்புப் படத்தையும் கொடுத்து, உறவா இல்லையா, எதனால் என்று எழுதச் சொல்லுங்கள். பெயர்ப்பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.