உதயகிரிக் கோட்டையைக் கட்டியது டச்சுக்காரர்கள் அல்ல

கன்னியாகுமரி மாவட்டம் புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா படங்களோடு, "இது டச்சுக்காரர்கள் தங்கள் படைக்காகக் கட்டிய கோட்டை" என்ற வரியும் பரவுகிறது. படங்கள் அருமை. அந்த வரி மட்டும் சரியில்லைங்க.

கோட்டை திருவிதாங்கூர் அரசுடையது. 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்ததை 1740களில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா வலுப்படுத்திக் கட்டினார். குழப்பம் வருவது டிலனாய் பெயரால்தான். அவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு குளச்சலுக்கு வந்தவர். 1741 போரில் தோற்றுச் சிறைப்பட்டார். அப்புறம் அதே மார்த்தாண்ட வர்மாவிடம் வேலைக்குச் சேர்ந்து, படைக்குப் பயிற்சி கொடுத்து, இந்தக் கோட்டை வேலையையும் மேற்பார்த்தார். வேலையை நடத்தியவர் டச்சுப் படையிலிருந்து வந்தவர், கட்டச் சொன்னவர் நம்மூர் ராஜா. தோற்ற கம்பெனிக்கு இங்கே கோட்டை ஏது?

சரிபார்க்க நூலகம் வரை போக வேண்டாம். பூங்காவுக்குள்ளேயே, இடிந்த சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் உண்டு. திருவிதாங்கூர் படைத் தலைவராக ஏறக்குறைய 37 ஆண்டுகள் ராஜாவுக்கு விசுவாசமாக உழைத்தார், 1777இல் இறந்தார் என்று லத்தீன் வாசகம் சொல்கிறது. எழுத்து தேய்ந்திருந்தால் படம் எடுத்து வந்து பெரிதாக்கிப் பாருங்கள். மரங்களைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் அந்தக் கல்லறைக்கும் ஒரு நடை போய்வந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம். பதிவிட்டவர் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும், படங்கள் அப்படியே இருக்கட்டும்.