ஒரே வரியில் கடந்துவிட்ட எட்டு ஆண்டுகள்

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் வாழ்க்கையைச் சொல்லி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு நன்றி. ஆயினும், 1968 முதல் 1976 வரை ‘அவர் எதுவும் எழுதவில்லை’ என்று ஒரே வரியில் கடந்திருப்பது வருத்தம் தருகிறது. அவருடைய மூன்றாம் சிம்பொனி 1971இல் எழுதப்பட்டது, திரைப்படங்களுக்கும் இசையமைத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துவின் மீதான நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்த ‘கிரேடோ’ என்ற சேர்ந்திசைப் படைப்பு சோவியத் அதிகாரிகளின் சினத்துக்கு ஆளான பின்னர், பன்னிரண்டு சுரங்களையும் சமமாகக் கையாளும் பன்னிரு சுர முறையைக் கைவிட்டு, கிறிஸ்தவ வழிபாட்டின் பழைய ஒற்றைக்குரல் இசையான கிரெகோரியப் பாடல்களையும் மறுமலர்ச்சிக் காலப் பல்குரல் இசையையும் அவர் முதலிலிருந்து பயின்ற ஆண்டுகள் அவை. அந்தப் பயிற்சியின்றி 1976இல் ‘ஃபியூர் அலீனா’ என்ற சிறிய பியானோ படைப்பும், அதனுடன் ‘டின்டினாபுலி’ முறையும் பிறந்திருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

அம்முறையில் ஒரு குரல் பெரும்பாலும் படிப்படியாக நகர, மற்றொன்று ஒரே முச்சுரக் கோவையின் (சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்களின் தொகுதி) சுரங்களை மட்டும் ஒலிக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் தேவார வகுப்பில், சுருதிப் பெட்டியோடு பாடிப் பழகிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவருடைய ‘ஷ்பீகல் இம் ஷ்பீகல்’ படைப்பைப் போட்டுக் காட்டியபோது, மேற்கத்திய இசையில் பழக்கமே இல்லாத அவர்கள் இறுதிவரை கவனத்துடன் கேட்டார்கள். (சுருதி மாறாதது, முச்சுரக் கோவையின் சுரங்களோ இடம் மாறுபவை என்ற வேறுபாட்டையும் விளக்கினேன்.)

1980இல் குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறியதும், 1984இல் வெளியான ‘டபுலா ராசா’ இசைத்தட்டு அவரை உலகறியச் செய்ததும் கட்டுரையில் நன்கு வந்துள்ளன. அந்த இடைக்காலக் கல்வியைப் பற்றியும் கட்டுரையாளர் விரிவாக எழுத வேண்டுகிறேன்.