லாக் புக்கில் பொய் எழுதக் கூடாது

(மலேசியாவின் கிள்ளானில் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை காலை. சுப்பையா வேலை ஓய்வுக்குப் பிறகு ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பழைய பாய்மரப் படகு வாங்கியவர். லங்காவித் தீவிலிருந்து ஒன்பது நாள் ஓட்டிக்கொண்டு நேற்றிரவுதான் வந்து சேர்ந்தார். மூக்குத் தோல் உரிந்திருக்கிறது. மனைவி கமலம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நோட்டை விரித்து வைத்திருக்கிறார்.)

கமலம்: என்னங்க, இது உங்க லாக் புக்தானே?

சுப்பையா: ஆமாம். கடலில் நடந்ததை நடந்தபடி எழுதுகிற புத்தகம். பேனாவில்தான் எழுதணும்.

கமலம்: பொய் எழுதக் கூடாது?

சுப்பையா: கூடவே கூடாது. கேப்டனுக்கு அழகில்லை.

கமலம்: சரி, வாசிக்கிறேன். 'முதல் நாள், லங்காவி, குவா. காலை 6.10. நங்கூரம் எடுக்கவில்லை. காரணம்: ரொட்டி சானாய் கடை 6.30க்குத்தான் திறக்கும்.'

சுப்பையா: நீரோட்டமும் பார்க்கணும் இல்லையா?

கமலம்: 'காலை 7.15. ரொட்டி மூன்று, தே தாரிக் (இழுத்து ஆற்றின பால் டீ) இரண்டு. காற்று வடகிழக்கு. காற்றழுத்தம் 1010.' உங்க ரத்த அழுத்தம் எந்தப் பக்கத்தில்?

சுப்பையா: அதற்குக் கட்டம் போடவில்லை.

கமலம்: பசியாறிட்டீங்களான்னு போன்ல கேட்டேன். 'ஓட்ஸ் இருக்கு'ன்னு சொன்னீங்க.

சுப்பையா: இருந்ததே. இன்னும் பிரிக்காமல் படகில் இருக்கு.

கமலம்: 'மதியம். இடப்பக்கம் குனோங் ஜெராய்.' பரவாயில்லை, சாப்பாடு இல்லாமல் ஒரு வரி.

சுப்பையா: 1,217 மீட்டர் மலை, கமலம்! அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு அதுதான் கடாரத்துக்கு அடையாளம். 1025-இல் ராஜேந்திர சோழன் படை வந்த கடல். நானும் அதே கடலில், பாய் விரித்து...

கமலம்: அவர் கடாரம் கொண்டான். நீங்க கறி கொண்டான். அடுத்த வரி இருக்கே: 'மலை, தட்டில் கவிழ்த்த சோறு மாதிரி இருக்கிறது. பினாங்கு இன்னும் எவ்வளவு தூரம்?'

சுப்பையா: லங்காவியிலிருந்து சுமார் 60 கடல் மைல். பசியில் கூடுதலாகத் தெரியும்.

கமலம்: 'பினாங்கு. புலாவ் ஜெரெஜாக் பக்கம் நங்கூரம். டிங்கியில் (சின்னத் துடுப்புப் படகு) கரைக்குப் போனோம். நாசி கண்டார், பஞ்சிர்.'

சுப்பையா: பஞ்சிர்னா வெள்ளம். கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, அதுக்கு மேலே இன்னொன்று. சோறு கண்ணுக்கே தெரியக் கூடாது. ஓரத்தில் வெண்டைக்காய் இரண்டு. நம்ம தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி வைத்து, ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் கறின்னு தூக்கிக்கொண்டு போய் விற்ற சாப்பாடு. அந்தத் தடியால்தான் கண்டார்ன்னு பேரே வந்தது. இதெல்லாம் வரலாறு.

கமலம்: வரலாறு எத்தனை தட்டு?

சுப்பையா: இரண்டு.

கமலம்: மறுநாள், 'அசாம் லக்சா.'

சுப்பையா: மீன்தானே? டாக்டரே மீன் சாப்பிடச் சொன்னார். புளித்தண்ணியில் மீனை உதிர்த்துப் போட்டு, மேலே புதினா. கடைசியில் கன்னங்கரேல்ன்னு இறால் விழுது ஒரு கரண்டி. அதைக் கலக்கின உடனே வரும் பாரு ஒரு வாசம்...

கமலம்: 'பிறகு செண்டோல்.' இனிப்பு நீர் நோயாளி, பச்சை மாவு இழையும் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் போட்ட செண்டோல்!

சுப்பையா: பச்சையா நிறையச் சாப்பிடச் சொன்னாரே.

கமலம்: அவர் கீரையைச் சொன்னார். 'இரவு 8.40. டிங்கியில் திரும்பும்போது அலை. துடுப்பு ஒன்று போய்விட்டது. தே தாரிக் பத்திரம்.'

சுப்பையா: பங்குஸ் கட்டினது. பிளாஸ்டிக் பை, ஓரத்தில் ஒரு கயிறு. சாய்ந்தால் போச்சு.

கமலம்: ஒரு கையில் தே தாரிக், இன்னொரு கையில் துடுப்பைப் பிடிக்க வேண்டியதுதானே?

சுப்பையா: இன்னொரு கையில் கூட்டாளியோட தே தாரிக்.

கமலம்: (பக்கத்தைத் திருப்பி, குரல் தணிந்து) 'பங்கோர் தீவு. காய்ந்த நெத்திலி 2 கிலோ, கமலத்துக்கு.' அட.

சுப்பையா: பார்த்தியா? உன்னை மறக்கவில்லை.

கமலம்: எங்கே அது?

சுப்பையா: அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கலாமே.

கமலம்: 'பிற்பகல் 3. காற்று இல்லை. நெத்திலி கொஞ்சம் பொரித்தோம். மாலை 6. காற்று இல்லை. நெத்திலி சம்பல். இரவு 9. காற்று லேசாக வந்தது. நெத்திலி இல்லை.'

சுப்பையா: மலாக்கா நீரிணை அப்படித்தான். சில நாள் பாய் துவைத்துப் போட்ட துணி மாதிரி தொங்கும்.

கமலம்: படகில் மோட்டார் இருக்கு இல்லையா? அதைப் போட்டுக்கொண்டு வர வேண்டியதுதானே?

சுப்பையா: மோட்டார் போட்டால் படகு அதிரும், கமலம். அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கடலில் பாதுகாப்புதான் முதல்.

கமலம்: (பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டே) 'பத்தாம் நாள். கிள்ளான். காலை 9.05. ஓட்ஸ் கஞ்சி. சர்க்கரை இல்லை. காற்று பலமாக வீசுகிறது. திசை: சமையலறை.'