பிஸ்ட் என்றால் கோபமா, வெறியா?

போன வாரம் ஒரு அப்பா போன் எடுத்து, "ரீச்சர், காசு கட்டி அனுப்புறது பிள்ளை தூசணம் படிக்கவோ?" என்று கேட்டார். ஆங்கில வகுப்பில் 'பிஸ்ட்' (pissed) என்ற சொல்லைப் பலகையில் எழுதி விளக்கியிருந்தேன், அதுதான் கோபம்.

எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நல்லூர்க் கொடி ஏறியிருந்த நேரம், என்னிடம் படிக்கிற கொக்குவில் பிள்ளை ஒன்று, லண்டனில் இருக்கும் மாமிக்கு 'அப்பா இன்றைக்குப் பிஸ்ட், நாளைக்கு எடுங்கோ' என்று ஆங்கிலத்தில் வட்ஸ்அப் பண்ணியிருக்கிறாள். அமெரிக்கத் தொடர்களில் பிடித்த சொல், அவளுக்கு அது கோபம். அரை மணித்தியாலத்தில் மாமி தாய்க்குப் போன் எடுத்து அழுகிறார்: "மச்சாள், அண்ணா எப்ப இருந்து குடிக்கிறார்?" திருவிழா 25 நாளும் மச்சம் தொடாத மனிதர்!

இரண்டு பேரிலும் பிழையில்லை. பிரித்தானியாவில் 'பிஸ்ட்' என்றால் குடிவெறி, அமெரிக்காவில் கடுங்கோபம். பின்னால் 'ஓஃப்' சேர்த்து 'பிஸ்ட் ஓஃப்' என்றால் இரண்டு இடத்திலும் கோபம்தான். ஆனால் 'பிஸ் ஓஃப்' என்று முகத்துக்கு நேரே சொன்னால் 'போடா அங்கால' என்கிற மாதிரி. லண்டன் பெடியள் சொல்லும் 'டேக்கிங் த பிஸ்' நக்கலடிக்கிறது, ஒருவரின் பொறுமையை அளவு மீறிச் சோதிக்கும்போதும் அதையே சொல்வார்கள். இத்தனைக்கும் அடிச்சொல் மூத்திரம். எங்கள் 'வெறி'யும் அப்படித்தானே, இங்கே அது குடி, சென்னைக்காரருக்கு ஆவேசம்.

1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே இந்த அடிச்சொல் இருக்கிறது, அப்போது அதை அச்சடிக்க யாரும் கூசவில்லை. தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'நீர்விடும்' என்று அடக்கமாகச் சொல்லும். இடக்கரடக்கல் எங்கள் இலக்கணத்திலேயே உள்ளது, வீட்டில் 'ஒண்டுக்குப் போறன்' என்கிறோமே. நல்ல பழக்கம்தான், ஆனால் அடக்கிச் சொல்லவும் முதலில் அர்த்தம் தெரிய வேண்டும். பாதிச் சொந்தம் லண்டனிலும் மீதி கனடாவிலும் இருக்கிற ஊரில், பிள்ளைகள் இந்தச் சொற்களை எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள். கூட்டாளியிடம் சொல்வதை வேலைக்கான கடிதத்தில் எழுதக் கூடாது என்பதை நான் சொல்லாமல் யார் சொல்வது?

சனிக்கிழமை வகுப்பில் 'டேக்கிங் த பிஸ்' வருகிறது. சங்கடமாக இருக்கிற அம்மா அப்பாமார் பின் வாங்கில் வந்து இருங்கள், முடிந்ததும் கதைப்போம்.