கரியா, கேஸா?

(டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸை அடுத்த பிளேனோவில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். சனிக்கிழமை மாலை. மசாலா தடவிய கோழித் தொடைகள் தட்டில் காத்திருக்கின்றன. மாமனார் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், மதுரையிலிருந்து வந்திருக்கிறார்.)

மாமனார்: மாப்பிள்ளை, இந்தக் கேஸ் அடுப்பு உள்ளே இருப்பதைப் போலவேதான் இருக்கிறது. இதில் கோழியைச் சுடுவதற்கு நாம் ஏன் வெயிலில் நிற்க வேண்டும்? அதோ, கரிமூட்டை சும்மாதானே கிடக்கிறது?

மாப்பிள்ளை: கேஸ் என்றால் குமிழைத் திருகிய பத்துப் பதினைந்து நிமிடங்களில் அடுப்பு சூடேறிவிடும், மாமா. கரியை சிம்னி என்கிற பற்றவைக்கும் உலோகக் குழாயில் கொட்டி, அடியில் செய்தித்தாளைக் கசக்கி வைத்துப் பற்றவைத்து, மேலுள்ள கட்டிகளில் சாம்பல் பூக்கும்வரை இருபது நிமிடங்கள் காத்திருந்தால்தான் கம்பி வலையையே வைக்க முடியும்.

மாமனார்: காத்திருப்போமே. உங்கள் அத்தையின் தாயார் குமுட்டி அடுப்பின் முன் விசிறியும் கையுமாக உட்கார்ந்து சுட்டுத் தரும் அப்பளத்தின் வாசனை கேஸில் வருமா?

மாப்பிள்ளை: அந்த வாசனையில் பெரும்பங்கு கரியிலிருந்து வருவதில்லை, மாமா. கொழுப்பு சூட்டில் சொட்டிப் பொசுங்கி எழுகிற புகைதான் திரும்பவும் இறைச்சியில் படிகிறது. கேஸ் அடுப்பிலும் பர்னர்களுக்கு மேலுள்ள தகட்டில் கொழுப்பு சொட்டத்தான் செய்கிறது.

மாமனார்: அப்பளத்தில் கொழுப்பு ஏது?

மாப்பிள்ளை: (சற்று யோசித்து) அப்பளத்தை இந்த விவாதத்தில் சேர்க்க வேண்டாம், மாமா.

மாமனார்: சரி, வேதியியலுக்கே வருகிறேன். புரொப்பேனின் ஒரு மூலக்கூறு முழுமையாக எரிந்தால் நான்கு நீர் மூலக்கூறுகள் உண்டாகும். கரியோ பெரும்பாலும் வெறும் கார்பன். ஆகவே உங்கள் கேஸ் அடுப்பில் கோழி சுடப்படுவதோடு கொஞ்சம் ஆவியிலும் வேகிறது. இட்லிக்கு அது பெருமை, கோழிக்கு அல்ல.

மாப்பிள்ளை: நீங்கள் கொண்டாடும் இந்தக் கரிக்கட்டியை அமெரிக்காவில் பரப்பியவர் கார் செய்த ஹென்றி ஃபோர்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? 1920-களில் மிச்சிகனில், கார்களுக்கு மரம் அறுத்த பிறகு மிஞ்சிய துண்டுகளையும் தூளையும் வீணாக்க மனமில்லாமல் அவற்றைக் கரியாக்கி விற்றார்.

மாமனார்: சிக்கனமான மனிதர். நம் சம்பந்தியைப் போல.

மாப்பிள்ளை: அப்பாவையும் இந்த விவாதத்தில் சேர்க்க வேண்டாம், மாமா. சாம்பலை என்ன செய்வது என்று சொல்லுங்கள். நீறு பூத்த நெருப்பு என்பது இங்கே வெறும் பழமொழி அல்ல. மறுநாள் காலையில்கூட உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் தொட்டியோடு வேலியும் போய்விடும். கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும் என்பதால், மழை வந்தாலும் கரியடுப்பைக் காரேஜுக்குள் இழுத்துப் போக முடியாது. முழு நேரமும் ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

மாமனார்: (ஆவலோடு) அந்தக் காவலை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை: நேற்றுவரை தேநீரைக்கூட மைக்ரோவேவில்தானே சூடாக்கினீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், மாமா.

மாமனார்: (குரலைத் தாழ்த்தி) உங்கள் அத்தை தன் ஒன்றுவிட்ட தம்பி மகளுடைய கல்யாணப் படங்களைப் பெரிய டிவியில் போட்டு வைத்திருக்கிறாள். யார் எந்தச் சேலை கட்டியிருந்தார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். கேஸ் என்றால் முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, என்னை உள்ளே கூப்பிட்டுவிடுவாள். கரி என்றால் மூட்டவேண்டும், சுடவேண்டும், தணியும்வரை பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும்.

(மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, கரிமூட்டையைப் பிரிக்கிறார்.)

மாமனார்: என்ன, மாப்பிள்ளை, மனம் மாறிவிட்டதா?

மாப்பிள்ளை: வரவேற்புப் படங்களுக்குக் கருத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, மாமா.

(கரி கனன்று, கோழி வலையில் ஏறி, கொழுப்பு சொட்டிப் புகைகிறது.)

மாமனார்: வெந்துவிட்டதுபோல் தெரிகிறதே.

மாப்பிள்ளை: கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எலும்பை ஒட்டிய சதை 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி சமையலறை இழுப்பறையில் இருக்கிறது.

மாமனார்: டிவியைத் தாண்டித்தானே போக வேண்டும்?

மாப்பிள்ளை: ஆமாம். நீங்கள் போய் எடுத்து வாருங்கள், மாமா.

மாமனார்: நெருப்பை விட்டு நான் எப்படி வருவேன்? முழு நேரமும் ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்று சொன்னவர் நீங்கள்தானே, மாப்பிள்ளை?