டிராவர்ஸ் கருங்காலியா?

வேலைநிறுத்தம் நடக்கும்போது கூலி வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவனைக் கருங்காலி என்போம். அப்படிப் பார்த்தால், அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலிக்கு ஆடப் போன அலோசியஸ் டிராவர்ஸ் சுத்தமான கருங்காலி. ஆனால் எனக்கு அவர்மேல் கோபமே வரமாட்டேன் என்கிறது.

1912 மே 15, நியூயார்க். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பெரிய ஆட்டக்காரர் டை காப், தன்னை விடாமல் திட்டிக்கொண்டிருந்த ஒரு ரசிகரைக் கூட்டத்துக்குள் ஏறிப் போய் அடித்து மிதித்தார். அடிவாங்கியவருக்கு அச்சு இயந்திர விபத்தில் ஒரு கையும், இன்னொரு கையில் மூன்று விரல்களும் போயிருந்தன. லீக் தலைவர் பான் ஜான்சன் காபை இடைநீக்கம் செய்தார். காபை அவ்வளவாகப் பிடிக்காத சக வீரர்கள்கூட, அவர் இல்லாமல் ஆட மாட்டோம் என்று 18ஆம் தேதி பிலடெல்பியாவில் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். ஒற்றுமை என்னவோ நல்லதுதான். ஆனால் யாருக்காக?

அணியை இறக்காவிட்டால் முதலாளிக்கு 5,000 டாலர் அபராதம். மேனேஜர் ஹியூயி ஜென்னிங்ஸ் உள்ளூரில் கிடைத்த ஆட்களுக்கெல்லாம் டைகர்ஸ் சட்டையை மாட்டிவிட்டார். அதில் ஒருவர்தான் டிராவர்ஸ். செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவர், வயது 20. கல்லூரி அணியில்கூட அவர் ஆட்டக்காரர் இல்லை, உதவி மேனேஜர். ஆடினால் 25 டாலர், பந்து வீசினால் 50 என்றதும் பிட்சராகிவிட்டார். மாணவனுக்குக் காசு கசக்குமா?

எதிரே பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணி, முந்தைய இரண்டு வருடமும் உலக சாம்பியன். வேகமாகப் போடாதே, அடித்தார்கள் என்றால் உன் உயிருக்கே ஆபத்து என்று ஜென்னிங்ஸ் பயந்தாராம். அதனால் டிராவர்ஸ் மெதுவாக வளையும் பந்துகளையே போட்டார். முதலில் அவர்கள் கொஞ்சம் திணறவும் செய்தார்கள். அப்புறம் புத்திசாலித்தனமாக, மட்டையை வீசாமல் சும்மா நீட்டி, பந்தை உருட்டிவிட ஆரம்பித்தார்கள். மூன்றாம் பேஸில், அதாவது மூன்றாவது தளத்தில், டைகர்ஸுக்காகப் பந்து பிடிக்க நின்றவர் அதற்கு முன் பேஸ்பாலே ஆடியதில்லை என்று டிராவர்ஸ் பிற்பாடு சொன்னார். ஓடிவந்து யார் பொறுக்குவது? அத்லெடிக்ஸுக்கு 26 ஹிட், 24 ரன். டைகர்ஸ் எடுத்தது 2. டிராவர்ஸும் ஒரே ஒருவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் (பந்தை அடிக்கவிடாமலே ஆட்டமிழக்க வைத்தார்), அதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றிவிட ஆள் கிடையாது. எட்டு இன்னிங்ஸும் அவரே.

அடுத்த ஆட்டத்துக்கு வீரர்கள் திரும்பிவிட்டார்கள். காபுக்கு 50 டாலர் அபராதம், பத்து நாள் தடை. அவருக்காக வெளியேறியவர்களுக்கோ தலைக்கு 100 டாலர்! அடித்தவனைவிட அவனுக்காக நின்றவனுக்கு இருமடங்கு. அந்தப் போராட்டத்தில் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான், டிராவர்ஸ் வாங்கிய 50 டாலர் இல்லை.

அவர் பிறகு சேசு சபையில் சேர்ந்து 1926இல் குருப்பட்டம் பெற்றார், பள்ளிகளில் பாடம் நடத்தினார். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான பெரிய லீக்கில் ஆடிய ஒரே கத்தோலிக்க பாதிரியார் அவர்தான். பேஸ்பால் பதிவேட்டில் ஃபாதரின் பெயருக்கு நேரே இன்றும் ஒரு தோல்வியும், ஒன்பது இன்னிங்ஸுக்கு 15.75 ரன் என்ற சராசரியும் (சக வீரர்களின் பிழையால் போன ரன்கள் இதில் சேராது) நிற்கின்றன.