பப்பில் வாசிப்பது உங்களுக்காக இல்லை

டப்ளினுக்கு வருகிற நண்பர்கள் முதல் நாளே டெம்பிள் பார் பக்கம் போய், கையில் ஒரு பைண்ட் கறுப்பு பீரோடு படம் எடுத்து, "ஐரிஷ் பப் பார்த்தாச்சு" என்று முகநூலில் போட்டுவிடுகிறார்கள். போடட்டும், நானும் லைக் போடுகிறவன்தான். ஆனால் அந்தப் பகுதியில் மைக் வைத்து, கிதாரோடு, கூட்டம் கேட்கிற பாட்டையெல்லாம் பாடுகிறவர் சம்பளத்துக்கு ஒரு வேலை பார்க்கிறார். நன்றாகவே பார்க்கிறார். ஊருக்குள் 6 யூரோ சொச்சத்துக்குக் கிடைக்கும் பைண்ட், ராத்திரி ஏற ஏற அங்கே 10 யூரோவைத் தொடும். அது கச்சேரி, டிக்கெட் காசைக் கிளாசில் வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நான் சொல்லவருகிற ஐரிஷ் பப் இசை வேறு. அதை நமக்காக யாரும் வாசிப்பதில்லை. அதனால்தான் அது நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி.

டப்ளினிலேயே ஸ்மித்ஃபீல்ட் பகுதியில் காபிள்ஸ்டோன் என்று ஒரு பப் இருக்கிறது. தன்னைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்வது: குடிக்கிற இடம்தான், கொஞ்சம் இசைத் தொந்தரவு உண்டு. முன்பக்க மூலையில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மேடை கிடையாது. பாதிப் பேரின் முதுகு நம் பக்கம். பேருந்துக் கட்டணம், யாரோ ஒருவரின் முழங்கால் ஆபரேஷன் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஃபிடில்காரர் (ஃபிடில் என்றால் நம் வயலின்தான்) ஒருவர் வில்லை எடுத்து, யாரையும் பார்க்காமல், ஒரு மெட்டைத் தொடங்குவார். இரண்டு அடி போவதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஃப்ளூட்டை உதட்டில் வைத்திருப்பார். கான்செர்டினா என்கிற கைத்துருத்திப் பெட்டி வாசிக்கிற அம்மா தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைப்பார். மெட்டு தெரியாதவர் சும்மா இருப்பார். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, தெரியாததை வாசிப்பதுதான் தப்பு.

மெட்டின் அமைப்பு எளிது. பெரும்பாலும் இரண்டு பாகம், ஒவ்வொன்றும் எட்டு பார் (தாளச் சுற்று), ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். முழுசாக மூன்று சுற்று வந்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். அடுத்தது எது என்று முன்கூட்டிப் பேசி வைத்திருப்பதில்லை. தொடங்கியவர் புருவத்தைத் தூக்குவார், இல்லையென்றால் "ஹப்" என்று ஒரு சத்தம். அந்தத் தாவலில் சுருதி மாறும் கணம் இருக்கிறதே, மேசையில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு ஏறியது போலத் தெரியும். அதைக் கேட்கத்தான் நான் போகிறேன்.

நம் கர்நாடக சங்கீதக் காதோடு போனால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். கல்பனாஸ்வரம் இல்லை, தனி ஆவர்த்தனம் இல்லை, யாரும் தனியாக மினுக்குவதில்லை. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள். அப்புறம் பழகப் பழகத்தான் புரியும், வித்தை எல்லாம் நுணுக்கத்தில் இருக்கிறது என்று. ஒரு சுரத்தை எங்கே வெட்டுவது, எங்கே சுழற்றுவது, எங்கே மூச்சு விடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும், கவுண்டிக்குக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மாறும். கிளேர் ஃபிடிலும் டொனகல் ஃபிடிலும் ஒன்றில்லை. நோட்டேஷன் புத்தகங்கள் உண்டு. சிகாகோவில் போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓநீல் 1903இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 1,850 மெட்டுகள் இருக்கின்றன. இருந்தாலும் மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு வாசிப்பவரைப் பார்ப்பது அபூர்வம். காதால் வாங்கியதுதான் கணக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியம் வழியாக அயர்லாந்து, ஸ்காட்லாந்து நடன மெட்டுகள் சில முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சின்ன வயதில் பாட்டு டீச்சரிடம் அதைப் பாடிப் பழகியவர்களுக்கு இங்கே ரீல் என்கிற வேகமான நடன மெட்டு ஒன்றைக் கேட்கும்போது காது நிமிரும்.

வாத்தியங்களில் எனக்குப் பிடித்தது இல்லன் பைப்ஸ். ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயால் ஊதுவார்களே, அது இல்லை. முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தியைக் கட்டிக்கொண்டு அதை அமுக்கித்தான் காற்று ஏற்ற வேண்டும். வாய் சும்மா இருப்பதால் வாசித்துக்கொண்டே பக்கத்து ஆளைத் திட்டலாம். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்தக் கலை ஏறியது. பிடிக்காதது என்று கேட்டால், வாத்தியத்தைச் சொல்ல மாட்டேன், வாசிக்கிறவர்களைச் சொல்வேன். போரான் என்கிற ஆட்டுத்தோல் பறையை நினைவுப் பொருள் கடையில் வாங்கிய கையோடு வந்து தட்டுகிறவர்கள். ஒரு நேரத்தில் ஒரு போரான் போதும் என்பது எழுதாத சட்டம். அதை மீறியபோது ஒரு கிழவர் ஃபிடிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

சரி, கறுப்புக்கு வருவோம்.

ஸ்டவுட் என்கிற இந்தக் கறுப்பு பீர் கனமான சரக்கு, ஒன்று அடித்தால் ஆளைச் சாய்த்துவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம். யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் இந்தப் பயம் இன்னும் அதிகம், காரணம் நியாயமானது. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8 சதவீதத்துக்கு மேல். இங்கே குழாயிலிருந்து பிடிக்கிற கின்னஸ் 4.2 சதவீதம்தான், நம் ஊர் ஸ்ட்ராங் பீரில் பாதி. நிறத்துக்குக் காரணம் வறுத்த பார்லி. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கறுப்பே இல்லை, அடர்சிவப்பு. அந்த மெல்லிய கசப்பும் மேலே நிற்கிற நுரையும் டிகிரி காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது. கார்க் நகரம் பக்கம் போனால் அந்த ஊர் ஸ்டவுட்களான பீமிஷும் மர்ஃபிஸும்தான் பேச்சு, அங்கே போய் கின்னஸ் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் முகத்தில் தெரியும்.

பிடிக்கிற விதத்தைப் பாருங்கள். பார்காரர் கிளாசைச் சாய்த்து முக்கால் அளவுக்குப் பிடித்து, அப்படியே வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். மறந்துவிட்டார் என்று நினைத்துக் கையை ஆட்டாதீர்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு புயல் நடந்துகொண்டிருக்கும், குமிழிகள் மேலே போவதற்குப் பதிலாகக் கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கும். கண்ணின் கோளாறு இல்லை. நடுவில் ஏறுகிற குமிழிகள் திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும், அது ஓரமாகத் திரும்பி இறங்கும்போது சின்னக் குமிழிகளையும் தள்ளிக்கொண்டு வரும். அடிப்பக்கம் குறுகிய கிளாசின் வடிவம்தான் இதற்குக் காரணம் என்று லிமெரிக் பல்கலைக்கழகக் கணிதக்காரர்கள் 2012இல் விளக்கினார்கள். அந்தக் குமிழிகள் அவ்வளவு சின்னதாக இருப்பதற்குக் காரணம் நைட்ரஜன். அதைக் குழாய்க்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஆஷ், அவரும் கணிதம் படித்தவர், 1959இல். இங்கே டேட்டா சயின்ஸ் வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு கூடுதல் தகவல்: புள்ளியியலில் நீங்கள் போடுகிற டி-டெஸ்ட், கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் எழுதியது. கம்பெனி சொந்தப் பெயரில் எழுத விடவில்லை.

இரண்டு நிமிடம் கழித்து மீதியை ஊற்றி நீட்டுவார். 119.5 நொடி என்று விளம்பரத்தில் சொல்வார்கள், அதை நம்பிக் கடிகாரம் பார்க்கிறவர்களை பார்காரர்கள் நன்றாகவே கேலி செய்வார்கள்.

இந்த ஒரு பைண்ட், 568 மில்லி, மூன்று மணி நேரம் வரும். இதைத்தான் நான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வது. நீங்கள் வாங்கியது பானம் மட்டுமில்லை, உட்காருகிற உரிமை. அதற்கு மேல் குடி என்று யாரும் கழுத்தைப் பிடிப்பதில்லை. குடிக்காதவரா, ஆல்கஹால் இல்லாத கின்னஸ் 2021இலிருந்து இங்கே விற்பனையில் இருக்கிறது, நிறமும் நுரையும் அப்படியேதான். தேநீர் கேட்டாலும் பல பப்களில் கிடைக்கும். நல்ல வாத்தியக்காரர்கள் பலர் ராத்திரி முழுக்க அதைத்தான் குடிக்கிறார்கள். மரக்கறிக்காரர்கள் கவனத்துக்கு: முன்பெல்லாம் கின்னஸைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தினார்கள், 2010களின் பிற்பகுதியில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் குடித்தவர்கள் இனி கவலைப்பட்டுப் பயனில்லை.

மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று, ரவுண்டு. நாலு பேர் போனால் ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். மூன்று பேர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, தன் முறை வரும்போது "வீட்டில் தேடுவார்கள்" என்று கிளம்புகிறவனை இந்த ஊர் பத்து வருஷம் ஞாபகம் வைத்திருக்கும். அதனால் முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் கௌரவமாக எழுந்து போகலாம்.

இவ்வளவு சொன்னதும் "ஆயிரம் வருஷப் பாரம்பரியம்" என்று கமெண்டில் எழுத ஒருவர் வருவார். இல்லை ஐயா. மெட்டுகளில் பல பழையவை, பப்பில் கூடி வாசிப்பது புதுசு. பழைய நாளில் வாசித்தது வீடுகளில், நாற்சந்திகளில், ஆடுவதற்காக. 1935இல் நடனக்கூடச் சட்டம் வந்து உரிமம் இல்லாமல் ஆடக்கூடாது என்றது, பாதிரியார்களும் பின்னால் நின்றார்கள், வீட்டு நடனங்கள் ஒடுங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டட வேலைக்கு லண்டன் போன ஐரிஷ்காரர்கள் தங்கியிருந்த வாடகை அறையில் ஃபிடில் வாசிக்க இடமும் இல்லை, வீட்டுக்காரர் விடவும் இல்லை. கேம்டன், ஹாலோவே பக்கத்துப் பப்களுக்கு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பப்பில் இப்படிக் கூடி வாசிப்பதை இன்று நாம் செஷன் என்கிறோமே, அதன் பெரும்பகுதி அங்கே உருவாகித் திரும்பி வந்தது. 1951இல் ஐரிஷ் இசையை வளர்ப்பதற்கென்று கோல்டஸ் அமைப்பு தொடங்கி ஊர் ஊராக இசைவிழா நடத்தியது. 1962இல் மெரியன் ரோவில் இருக்கிற ஓ'டோனஹ்யூஸ் பப்பில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தி டப்ளினர்ஸ் என்கிற பிரபலமான நாட்டுப்பாடல் குழு ஆனார்கள். பிழைக்கப் போன இடத்தில், சொந்த ஊரில் செய்ய முடியாததைச் செய்து பார்த்தவர்களின் கண்டுபிடிப்பு இது. எனக்கு ஆயிரம் வருஷக் கதையைவிட இந்தக் கதைதான் பிடிக்கிறது.

பப்பைக் கோயில் ஆக்கவும் நான் தயாரில்லை. பெண்களுக்குப் பைண்ட் கொடுக்க மாட்டோம், வேண்டுமானால் அரை கிளாஸ் என்று சொன்ன பப்கள் 1970களில் கூட இருந்தன. பத்திரிகையாளர் நெல் மக்காஃபர்ட்டி முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், ஆளுக்கு ஒரு பிராந்தி வாங்கிக்கொண்டு, கடைசியாக ஒரே ஒரு பைண்ட் கேட்டார். தரமாட்டோம் என்றதும், அப்படியென்றால் பிராந்திக்கும் காசு தரமாட்டோம் என்று எழுந்து போனார்கள். பெண் என்பதற்காக மறுப்பது சட்டவிரோதம் ஆனது 2000ஆம் ஆண்டில்தான். இன்று அந்த மேசையில் பாதிப் பேர் பெண்கள், பல நாள் தொடங்கி வைப்பதே அவர்கள். குடியால் கெட்ட குடும்பங்கள் இங்கே குறைவில்லை, மலிவு விலைச் சரக்கைத் தடுக்க அரசாங்கம் 2022 ஜனவரியில் குறைந்தபட்ச விலைச் சட்டம் கொண்டுவந்ததும் சும்மா இல்லை. எனக்கு இசை இல்லாத பப்பில் வேலை இல்லை. டிவியில் குதிரைப் பந்தயம் ஓடுகிற இடத்துக்கு நான் வருவதில்லை, கூப்பிடாதீர்கள்.

இந்த இசையின் பொருளாதாரம்தான் எனக்குக் கவலை. பொதுவாக ஒன்றிரண்டு பேருக்குத்தான் பப் காசு கொடுக்கும், அவர்கள் வந்தே ஆக வேண்டும். மற்றவர்கள் ஆசைக்கு வருகிறவர்கள். நகர மையத்தில் வாடகை இப்படி ஏறினால் ஆசைக்கு வருகிறவர் எங்கே குடியிருப்பார்? 2021இல் காபிள்ஸ்டோன் இருக்கிற இடத்தில் ஹோட்டல் கட்ட விண்ணப்பம் போட்டார்கள். சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்கு அறை, அவர்கள் பார்க்க வந்த பப்பின் ஒரு பகுதியை இடித்துவிட்டு. ஜனங்கள் வாத்தியங்களோடு தெருவில் இறங்கினார்கள், நவம்பரில் நகராட்சி விண்ணப்பத்தை நிராகரித்தது. எல்லா இடத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வாத்தியக்காரர்களுக்கென்று விட்டிருக்கிற நாற்காலியில் உட்காராதீர்கள், காலியாக இருந்தாலும். தாளம் போட்டுக் கைதட்ட வேண்டாம், ரீல் வேகத்துக்கு நம் கை ஈடு கொடுக்காது. ஏதாவது பிரபலமான பாட்டைக் கேட்டு நச்சரிக்காதீர்கள். திடீரென்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாத்தியம் ஏதும் இல்லாமல் பாடத் தொடங்கினால், பார்காரர் உட்பட எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள், நீங்களும் மூடுங்கள். போனில் பத்து நொடி எடுப்பதை யாரும் தடுப்பதில்லை, முழு செட்டையும் (அடுத்தடுத்து வருகிற மெட்டுகள் எல்லாவற்றையும்) எடுக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், ராத்திரி 9 மணி வரை, மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. உங்கள் பிள்ளை வயலின் கற்றால் அதையும் எடுத்துப் போங்கள். பத்து வயதுப் பையன் டின் விசில் என்கிற சின்னத் தகரக் குழலோடு பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து, தெரிந்த மூன்று மெட்டுக்கு மட்டும் சேர்ந்துகொள்வதையும் பார்க்கலாம்.

டப்ளின் மட்டும் போதாது என்கிறவர்கள் கிளேர் கவுண்டிக்குப் போங்கள். டூலினில் கோடையில் கூட்டம் ஜாஸ்தி, நவம்பரில் போனால் நல்லது. ஜூலைத் தொடக்கத்தில் மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி கோடைப்பள்ளி நடக்கும், இல்லன் பைப்ஸ் வாசித்த அந்தக் கிளான்சி இறந்த 1973இலிருந்து நடக்கிறது. ஒரு சின்ன ஊர், ஒரு வாரம், எல்லாப் பப்பிலும், பகலிலேயே வாசிப்பு. ஊருக்குள் அறை கிடைக்காது. லஹிஞ்ச் அல்லது எனிஸில் இப்போதே பதிவு செய்யுங்கள், கார் ஓட்டுகிறவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.